காரணம் எழுதும் கட்டம்

"இப்ப பின்னால சாய்க்கப் போறேன், எவ்வளவு சுத்தினாலும் கண்ணை மட்டும் மூடாதீங்கம்மா" என்று டாக்டர் நஸ்ரின் சொன்னபோது, இருபத்து நாலு வருஷமா கண்ணைத் திறந்து வச்சுத்தான் பிழைக்கிறேன், இதை நீ வேற சொல்லணுமா என்று செங்கமலத்தின் வாய் வரைக்கும் வந்தது. வெளியே வந்தது "சரிங்க டாக்டர்" மட்டும்தான். சின்னப் பெண், முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது, கை பூ மாதிரி இருந்தாலும் பிடி கெட்டியாக இருந்தது. அந்த இரண்டு கையும் தலையைக் காதோடு சேர்த்துப் பிடித்து வலப்பக்கம் திருப்பி, ஒன்று இரண்டு மூன்று எண்ணி, மளாரென்று சாய்த்துவிட்டன. கட்டில் விளிம்புக்கு வெளியே தலை தொங்கியது. ஒன்றுமில்லை. ஒரு நொடி, இரண்டு நொடி, ஒன்றுமே இல்லை. பார்த்தீங்களா டாக்டர், சரியாப் போச்சு, வீணா என்னைக் கூட்டியாந்துட்டாங்க என்று சொல்ல உதட்டைப் பிரித்தாள், அதற்குள் வந்துவிட்டது. சுவரில் இருந்த காலண்டர் கிளம்பி மேலே போனது, போய்க்கொண்டே இருந்தது, போனது எங்கேயும் போய்ச் சேராமல் மறுபடி கிளம்பிய இடத்திலிருந்தே கிளம்பியது. டியூப்லைட்டின் கறுத்த முனையைப் பிடித்துக்கொள் என்று தன் கண்ணுக்கு உத்தரவு போட்டாள். கிரேன் கேபினில் உட்கார்ந்து நாற்பதடி கீழே கொக்கியின் முனையைப் பிடித்துக்கொள்ளும் கண்தான் இது, ஒரு விரற்கடை ஆட்டம் இருந்தாலும் கண்டுபிடித்துவிடும் கண், இன்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறது. நில்லு, நில்லுடி, இவ முன்னால மானத்தை வாங்காதே. "கண்ணு துடிக்குது, நல்லாத் தெரியுது, வலது காதுதான்" என்றார் டாக்டர், ஏதோ நல்ல சேதி சொல்வது போல. வயிற்றிலிருந்து காலையில் குடித்த கேப்பைக் கஞ்சி நெஞ்சு வரை ஏறி நின்றது. கட்டிலின் இரும்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, தன் கண் தன்னையே காட்டிக் கொடுத்த கோபம். சுற்றல் மெதுவாகிக் காலண்டர் தேதி படிக்கிற அளவுக்கு வந்தது. நவம்பர் பத்தொன்பது, புதன்.

"அடங்கிடுச்சா? அப்படியே ஒரு நிமிஷம் இருங்க. காதுக்குள்ள சுண்ணாம்புத் துகள் மாதிரி இருக்கும், அது கழண்டு, போகக்கூடாத குழாய்க்குள்ள போயிடுது. தலையைத் திருப்பித் திருப்பி அதை வெளிய கொண்டாந்து விடறோம், அவ்வளவுதான். வர்றது பெரிசில்ல, ஏன் திரும்பத் திரும்ப வருதுங்கறதுதான் கேள்வி. ஏப்ரல்ல ஒரு தடவை, ஆகஸ்ட்ல ஒரு தடவை, இப்ப மூணாவது. நான் கேட்டுக்கிட்டே இருப்பேன், நீங்க வாயால பதில் சொல்லணும், தலையை ஆட்டிடாதீங்க." தலையை ஆட்டாமல் ஆமாம் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. மேஜை மேல் கம்பெனியிலிருந்து கொடுத்துவிட்ட தாள் இருக்கிறது. கிரேன் ஓட்டும் பணிக்குத் தகுதி உண்டு, இல்லை, தற்காலிகமாக இல்லை என்று மூன்று வரி, அதன் கீழே காரணம் என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் இந்தப் பெண் எதை எழுதப் போகிறாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. துவாக்குடியிலிருந்து வேனில் வரும்போது ஃபோர்மேன் துரைக்கண்ணு அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஏம்மா செங்கமலம், வயசாயிடுச்சுன்னு எழுதிட்டா யாருக்கும் வம்பில்ல. ஸ்டோர்ஸ்ல கவுன்ட்டர் போட்டுத் தரேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. சம்பளம் அதேதான். ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்து கையுறையும் நட்டு போல்ட்டும் எடுத்துக் கொடுக்கலாம்." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்குக் கெட்ட எண்ணமே வராது, அதுதான் எரிச்சல். அவரும் உள்ளே வராமல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், கையில் அவளுடைய சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு. கவுன்ட்டர். நினைத்தாலே பயமாக இருந்தது, சுற்றலை விட அதுதான் பயம். நாற்பத்திரண்டு படி ஏறிப் போய்க் கேபினில் உட்கார்ந்தால் மொத்த ஷெட்டும் காலுக்குக் கீழே கிடக்கும், பதினெட்டு டன் பாய்லர் டிரம்மைத் தூக்கி இரண்டு வெல்டருக்கு நடுவில் முட்டை வைப்பது போல வைப்பாள், வைத்துவிட்டு மேலிருந்து பார்த்தால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள், அவ்வளவு நம்பிக்கை. அந்த நிமிராத தலைகளைப் பார்த்து இருபத்து நாலு வருஷம் சந்தோஷப்பட்டிருக்கிறாள். இனிமேல் தினமும் காலையில் ஷெட்டுக்குள் நுழைந்து, மேலே வேறு எவனோ ஆட்டி ஆட்டி இறக்குவதைப் பார்த்துக்கொண்டே, பத்தாம் நம்பர் கையுறை ஒரு ஜோடி என்று நீட்ட வேண்டுமா? மாட்டேன்.

"இப்ப இடது பக்கம் திருப்பறேன், உடம்பைத் திருப்பாதீங்க, தலை மட்டும்." உலகம் ஒரு தடவை வழுக்கி நின்றது. இந்தப் பக்கம் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தில்லைநகர் வெயில் கண்ணைக் கூச வைத்தது. "வயசு அம்பத்து மூணு. மாதவிலக்கு நின்னு எத்தனை வருஷம்?" "அஞ்சு." "எலும்பு தேய்மானம் ஆரம்பிச்சிருக்கு, ஸ்கேன்ல இருக்கு. எலும்புல சுண்ணாம்பு குறைஞ்சா காதுல இருக்கறதும் லூஸாகும்." கேட்டுக்கொண்டாள். மாசாமாசம் வந்துகொண்டிருந்தபோது என்ன சொன்னார்கள், மூணு நாளைக்கு பொம்பளைக்குப் படியேறத் தெம்பிருக்காது, கிரேனெல்லாம் எதுக்கு என்றார்கள். அந்த மூன்று நாளும் ஏறினாள். இறங்கி ஏற அரை மணி ஆகும், கழிவறை ஷெட்டுக்கு அந்தக் கோடியில், அதனால் காலையில் ஏழரைக்கு ஏறினால் சாப்பாட்டு மணி வரைக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கமாட்டாள். சரி, நின்று போனது, இனிமேலாவது வாயை மூடுவார்கள் என்று பார்த்தால், நின்றுவிட்டதே, எலும்பு போச்சே என்கிறார்கள். இருந்தாலும் குறை, நின்றாலும் குறை, நல்ல நியாயம்டா உங்க நியாயம். "வைட்டமின் டி ஒம்பதுதான் இருக்கு, முப்பதாவது இருக்கணும். வெயில்லயே போறதில்லயா?" திருச்சியில் இருந்துகொண்டு வெயில் பத்தவில்லை என்று ஒருத்தி சொல்லக் கேட்கிற காலமும் வந்துவிட்டது. கூரைத் தகரத்துக்கு மூன்றடி கீழே கேபின், சித்திரை வைகாசியில் உள்ளே உட்கார்ந்தால் வேர்வை இருக்கையிலிருந்து சொட்டும், ஆனால் வெயில் என்று ஒரு துண்டு மேலே விழாது. வெந்து சாகலாம், வெளிச்சம் கிடையாது. "கிரேன் கேபின் டாக்டர், மூடித்தான் இருக்கும்" என்றாள். "பிரஷர்?" "மாத்திரை போடறேன்." "சுகர்?" "இல்ல." "ஒற்றைத் தலைவலி வருமா?" "ஷெட்டுல சுத்தியல் அடிக்கிற நாள்ல வரும்." "எந்தப் பக்கமாப் படுப்பீங்க?" "வலது." ஏன் வலது என்று டாக்டர் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பாள், இடது பக்கம் அவர் படுத்திருப்பார், தனபால், குறட்டை விட்டால் மூஞ்சியிலேயே காற்றடிக்கும், கல்யாணமானதிலிருந்து அவருக்கு முதுகைக் காட்டித்தான் தூக்கம். அதுவும் ஒரு காரணமாம். ஆக அந்தக் கட்டத்துக்குள் புருஷன் குறட்டையையும் எழுதலாம்.

"பொதுவாவே லேடீஸுக்குத்தான் இது ஜாஸ்தி வருது, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. திரும்ப வர்றதும் அவங்களுக்குத்தான் அதிகம்னு சொல்றாங்க" என்று டாக்டர் சும்மா சொன்னார், தலையைப் பிடித்த பிடி விடாமல். அந்த இடத்தில் செங்கமலத்துக்கு உள்ளே சுருக்கென்றது. யார் எண்ணியது? எந்த ஆம்பளை எனக்குத் தலை சுத்துதுன்னு வந்து இந்தக் கட்டிலில் படுத்தான்? இவளுக்கு முன்னால் அந்தக் கிரேனை ஓட்டியவர் பரமசிவம், முதல் நாள் குடித்ததோடு ஏறுவார், பாரம் அந்தரத்தில் தொங்கும்போது கொட்டாவி விடுவார், ஒரு தடவை தூணில் இடித்தார், தூண் இன்னும் வளைந்துதான் நிற்கிறது. அவருக்கு எந்தத் தாளும் கொடுத்தனுப்பவில்லை. கீழே நின்று கைகாட்டுகிற பிலவேந்திரனுக்குச் சர்க்கரை முந்நூறு, பிரஷர் நூற்றெண்பது, அவன் நிழலில் நின்று டீ குடிக்கிறான். போன வியாழக்கிழமை என்ன நடந்தது? டிரம் தரையிலிருந்து ஆளுயரத்தில் தொங்குகிறது, பிலவேந்திரன் கீழே இறக்கச் சொல்லி உள்ளங்கையை ஆட்டுகிறான், கால் இடுக்கில் இருக்கிற கண்ணாடி வழியாக அவன் கையைப் பார்க்க வலப்பக்கமாகக் குனிந்தாள், அவன் கை மூன்றாகிச் சுழன்றது. என்ன செய்தாள்? லீவரிலிருந்து கையை எடுத்தாள். கையை எடுத்தால் அது தானாக நடுவுக்கு வந்துவிடும், பிரேக் விழுந்துவிடும், பாரம் நின்ற இடத்தில் நிற்கும். பிலவேந்திரன் விசிலடித்தான், மறுபடி அடித்தான், கெட்ட வார்த்தையும் சொன்னான், அசையவில்லை. தன் கட்டைவிரல் நகத்தையே பார்த்துக்கொண்டு, அது ஒரே நகமாகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் இறக்கினாள், சத்தம் வராமல். அப்புறம் நாற்பத்திரண்டு படியும் ஒவ்வொன்றாக எண்ணி இறங்கிப் போய், அண்ணே எனக்குச் சுத்துச்சு, இன்னிக்கு என்னை ஏத்தாதீங்க என்று துரைக்கண்ணுவிடம் அவளே சொன்னாள். யாரும் பிடித்துக் கொடுக்கவில்லை. ஸ்டோர்ஸ்காரன்கூடச் சிரித்தான், வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல அக்கா என்று. வாயை மூடியிருந்தால் இந்தத் தாளே வந்திருக்காது. சொன்னதற்குக் கூலி இதுவா? இப்போது இந்தக் கட்டத்தில் பெண், வயது ஐம்பத்து மூன்று என்று எழுதிவிட்டால், அது செங்கமலத்தோடு முடியாது. வெல்டிங்கில் இருக்கிற ஜான்சி, முப்பத்தொரு வயசு, கைநடுக்கமே தெரியாது, கிரேன் கற்றுக்கொடுங்கக்கா என்று ஆறு மாசமாகக் கேட்டு மனுவும் கொடுத்துவிட்டாள். மேனேஜர் சொன்ன பதில், செங்கமலம் விஷயம் முடியட்டும், பார்க்கலாம். முடிந்தால் அவருக்குப் பதில் தயார், பொம்பளைங்களுக்கு இது வருமாம்மா, டாக்டரே எழுதிட்டாங்க.

"இப்ப உடம்போட இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுங்க, மூஞ்சி தரையைப் பார்க்கணும்." புரண்டாள். மூக்குக்கு நேர் கீழே மொசைக் தரை, அதில் கறுப்புப் புள்ளி, சிவப்புப் புள்ளி, கொஞ்சம் நகர்ந்து, நின்றது. சேலை முந்தானை தரையில் கிடந்ததை டாக்டர் எடுத்து அவள் தோளில் போட்டார். அது மனசுக்கு இதமாக இருந்தது, இதமாக இருந்ததே கொஞ்சம் ஆபத்தாகவும் இருந்தது. "கடைசிக் கேள்விம்மா. தலையில எப்பவாவது அடிபட்டிருக்கா? விழுந்தது, இடிச்சுக்கிட்டது, ஏதாவது? முதல் தடவை வந்ததுக்கு முன்னாடி?" கறுப்புப் புள்ளி, சிவப்புப் புள்ளி. இல்ல என்று சொல்லிவிடலாம். இதற்கு முன்னால் இரண்டு தடவை வேறு டாக்டரிடம் இல்லை என்றுதான் சொன்னாள். "அடிபட்டு வந்திருந்தா அது வேற மாதிரி, சரி பண்ணவும் நாளாகும், திரும்ப வர்றதுக்கும் வாய்ப்பு ஜாஸ்தி. அதான் கேக்கறேன்" என்று டாக்டர் சேர்த்துச் சொன்னார். கேட்டியா செங்கமலம், திரும்ப வர்றதுக்கு வாய்ப்பு ஜாஸ்தியாம். ஆமாம் என்றால் உன் வாயாலேயே உன் சீட்டைக் கிழிக்கிறாய். மார்ச் பதினொன்று, காலை ஏழு நாற்பது. கேபினுக்குள் நுழைகிற வழி ஒரு சதுர ஓட்டை, அதற்கு இரும்பு மூடி, மூடியைத் தாங்குகிற ஸ்பிரிங் அதற்கு முந்தின தீபாவளிக்கே போய்விட்டது, மூன்று தடவை எழுதிக் கொடுத்தாகிவிட்டது. ஹெல்மெட்டோடு நுழைந்தால் அந்த ஓட்டையில் இடிக்கும், அதனால் அந்தக் கிரேனில் ஏறுகிற எல்லாரும் பண்ணுகிற வேலை, முதலில் ஹெல்மெட்டைக் கழற்றி உள்ளே வீசிவிட்டு அப்புறம் தலையை விடுவது. பரமசிவமும் அப்படித்தான், அவளும் அப்படித்தான், அவர் சொல்லிக் கொடுத்ததே அதுதான். அன்றைக்கு ஹெல்மெட் உள்ளே போனது, தலை போனது, மூடி வந்து வலது காதுக்கு மேலே விழுந்தது. ரத்தம் அதிகமில்லை. படியைப் பிடித்த கையை விடவில்லை, அதில் இன்னும் அவளுக்குப் பெருமைதான். கீழே இறங்கி வந்ததும் துரைக்கண்ணு பதறிப்போய் முதலுதவிப் பதிவேட்டைத் திறந்தார், பேனா மூடியைக் கழற்றினார். அந்தப் பதிவேட்டை மூடி வைத்தது யார்? அவர் இல்லை, மேனேஜர் இல்லை. இந்தக் கைதான். எழுத வேணாம்ணே, விடுங்க என்று அவள்தான் சொன்னாள். கேட் வாசலில் விபத்தில்லா நாட்கள் என்று ஒரு பலகை, அன்றைக்கு அதில் தொள்ளாயிரத்து எண்பத்தேழு. இன்னும் பதின்மூன்று நாளில் ஆயிரம், விழா, எல்லாருக்கும் பிரியாணி, ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ். எழுதினால் பலகை பூஜ்யத்துக்குப் போகும். இருநூறு பேரும் என்ன சொல்வார்கள்? பொம்பளையை மேல ஏத்தினா இப்படித்தான் என்பார்கள். அதைக் கேட்கக்கூடாது என்றுதான் தலையில் காப்பித்தூளை அப்பிக்கொண்டு மறுபடி ஏறினாள். விழாவில் முதல் வரிசையில் நின்று கை தட்டினாள். ஹாட்பாக்ஸில் தினமும் தனபாலுக்கு இட்லி வைத்துவிட்டு வருகிறாள். பேருக்குப் பயந்து மறைத்த காரியம் கடைசியில் அந்தப் பேரையே கொண்டு வந்து அவள் மேல் ஒட்டப் பார்க்கிறது. முட்டாள், முட்டாள் செங்கமலம்.

"அம்மா? கேட்டுச்சா?" கேட்டுச்சு, கேட்டுச்சு. துரைக்கண்ணு அண்ணனுக்கு இன்னும் எட்டு மாசம்தான் சர்வீஸ். பதிவேட்டில் எழுதாமல் விட்டது அவர் தலையில்தான் விடியும், சும்மா இருந்த மனுஷன். ஹெல்மெட்டைக் கழற்றியது அவள் தலையில் விடியும். திரும்ப வரும் என்று டாக்டர் எழுதுவார், சீட்டும் போகலாம். எல்லா வழியிலும் நஷ்டம்தான் தெரிகிறது. இல்லை என்று சொன்னாலோ, எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள், மேனேஜர், அண்ணன், தனபால் எல்லாரும், இவள் ஒருத்தி மட்டும் கவுன்ட்டரில் உட்கார்ந்து, என் உடம்புதான் காரணம் என்று பொய்யாக ஒத்துக்கொண்டவளாக, மிச்சக் காலத்தையும் தள்ள வேண்டும். அந்த இரும்பு மூடியோ இன்னும் அப்படியே கிடக்கிறது, அடுத்து ஏறுகிறவளின் தலைக்காக. என் எலும்பு தேய்ந்தது உண்மை. எனக்கு வெயில் படாதது உண்மை. நான் பொம்பளை, அது இந்த ஊருக்கே தெரியும். ஆனால் அது எதுவும் மார்ச் பதினொன்றாம் தேதி வரைக்கும் என்னைச் சுத்த வைக்கவில்லையே. மொசைக் தரை துளிகூட அசையாமல் நின்றது. "பட்டுச்சு டாக்டர்" என்றாள் தரையைப் பார்த்தபடி. சொன்னதோடு நிறுத்தவில்லை. "மார்ச் பதினொண்ணு. வேலை செய்யற எடத்துல. கேபின் மூடி விழுந்துச்சு, இரும்பு மூடி, வலது காதுக்கு மேல. ஹெல்மெட் போடல, அதையும் சொல்லிடறேன். எழுத வேணாம்னு சொன்னது நான்தான்." தலையைப் பிடித்திருந்த கை ஒரு கணம் இறுகித் தளர்ந்தது. "இதை ஏம்மா மொதல்லயே சொல்லல?" என்று டாக்டர் கேட்டார். அதற்குப் பதில் நீளம், தரையைப் பார்த்துக்கொண்டு சொல்கிற பதில் இல்லை.

"மெதுவா எழுந்து உட்காருங்க, தாடையைக் கீழ வச்சுக்குங்க." உட்கார்ந்தாள். அறை அறையாகவே இருந்தது. டாக்டர் கதவைத் திறந்து துரைக்கண்ணுவை உள்ளே கூப்பிட்டார். சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றவர், அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "சொல்லிட்டேன்ணே" என்றாள். அவர் சாப்பாட்டுப் பையை மேஜை மேல் வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. "பேனாவைத் தொறந்தவன் எழுதியிருக்கணும்" என்றார், அவளிடம் இல்லை, டாக்டரிடம். டாக்டர் தாளை இழுத்து எழுத ஆரம்பித்தார். தற்காலிகமாக இல்லை என்ற வரியில் டிக் போட்டார். மூணு மாசம் ஏறக்கூடாது, அப்புறம் மறுபடி பரிசோதனை என்றார். காரணம் கட்டத்தில் என்ன எழுதுகிறார் என்று செங்கமலம் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். வயது, பெண், எலும்புத் தேய்மானம் என்று முன்பே பென்சிலில் குறித்து வைத்திருந்தார். "அதெல்லாம் பொய்யில்ல, அதையும் எழுதிக்குங்க" என்றாள். "ஆனா அடிபட்டதை மொதல்ல எழுதுங்க, எங்க பட்டுச்சுங்கறதையும் எழுதுங்க." டாக்டர் ரப்பரால் அழித்துவிட்டு அவள் சொன்ன வரிசையிலேயே பேனாவால் எழுதினார். எழுதி முடித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்டார்: "நல்லதுக்குத்தான் கேக்கறேம்மா, மூணு மாசம் கழிச்சு நான் தகுதி உண்டுன்னே எழுதினாலும், மேல இருக்கறப்ப திரும்ப வந்தா என்ன பண்ணுவீங்க?"

"வரட்டும் டாக்டர். போன வாரம் பண்ணினதையே பண்ணுவேன், பாரத்தை நிறுத்துவேன், இறங்கி வந்து சொல்லுவேன். சுத்துதுன்னு சொல்றவளை மேல ஏத்தறதா, சொல்லாதவனை ஏத்தறதான்னு அவங்க உட்கார்ந்து முடிவு பண்ணட்டும்." சொல்லிவிட்டுக் குனியாமல் காலாலேயே துழாவிச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். துரைக்கண்ணு கை கொடுக்க வந்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள், தைரியமாக, இரண்டு பக்கமும்.